சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் எழுதட்டும்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள். அந்நியத் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. இதைப் பற்றி எழுதினால் ஏதாவது நடக்குமா? நடக்கும். ஆனால், எழுதியது யார் மேசைக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

2014-இல் வெரிட்டே என்ற அமைப்பு மலேசிய மின்னணுத் தொழிற்சாலைகளின் 501 தொழிலாளர்களிடம் பேசி அறிக்கை வெளியிட்டது. 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தார்கள். அந்த அறிக்கையில் உருக்கமான வரிகளைவிடக் கணக்குதான் அதிகம்: ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டினார், கடன் எவ்வளவு, கடப்பிதழ் யாரிடம். பொருள் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளால் ஒதுக்கித் தள்ள முடியாமல் போனது அதனால்தான் என்பேன். மறு ஆண்டே மின்னணுத் துறைக் கூட்டமைப்பு, ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று தன் நடத்தை விதியைத் திருத்தியது. கையுறைத் துறையிலும் இதே கதை. 2020 ஜூலையில் கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, டாப் கிளவ் நிறுவனத்தின் கையுறைகளுக்கு அமெரிக்கா தடை போட்டது. ஆள்சேர்ப்புக் கட்டணத்தில் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் தொழிலாளர்களுக்குத் திரும்பிப் போனது.

ஆகவே சம்பளச் சீட்டிலிருந்து தொடங்குங்கள். 'லெவி' (அந்நியத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் வரி) என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? 2018 முதல் அதை முதலாளிதான் கட்டவேண்டும். அந்த ஒரு வரி, உங்கள் பத்துப் பக்கக் கோபத்தைவிடக் கனமானது. தொழிலாளியின் பெயரை மட்டும் மறைத்தால் போதாது. ஷிப்ட், விடுதி மாடி, சொந்த ஊர் மூன்றையும் சேர்த்து எழுதினால் சூப்பர்வைசருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். நிர்வாகத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.

உங்கள் வேலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2010-ஆம் ஆண்டின் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அமலாக்கத் துறையிடம் சொல்பவருக்குத்தான் துணை நிற்கும். நேரே பத்திரிகைக்குப் போனவருக்கு அல்ல. தெனாகனித்தா என்ற அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் 300-க்கும் மேற்பட்ட அந்நியத் தொழிலாளர்களிடம் விசாரித்து, தடுப்பு முகாம் கொடுமைகளை 1995-இல் வெளியிட்டார். பொய்ச் செய்தி என்று மறு ஆண்டு வழக்கு, 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, விடுதலை 2008-இல்தான். அறிக்கை சரியாக இருந்தாலும் இவ்வளவு காலம் இழுக்கும். குறிப்பேடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எழுதிப் பழக 1977 முதல் பினாங்கிலிருந்து இயங்கும் அலிரான் அமைப்பு நல்ல இடம். சம்பளத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. குட்டி இந்தியா உணவகத்தில் தட்டுக் கழுவும் தமிழ்நாட்டுத் தம்பி மலாய்க்காரரிடமோ ஆங்கில நிருபரிடமோ வாய் திறக்கமாட்டார், "எந்த ஊருண்ணே நீங்க?" என்று உங்களிடம் ஆரம்பிப்பார். ஆனால் அந்த உணவகத்துக்கு அமெரிக்க வாடிக்கையாளர் கிடையாது. அங்கே எழுத்து போகவேண்டியது தொழிலாளர் இலாகாவுக்கு. 2023 முதல் கட்டாய உழைப்பு, வேலைச் சட்டத்திலேயே குற்றம். ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம் உண்டு. புகாரைக் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு தமிழ்ப் பத்திரிகைக்குப் போங்கள். எண்ணும் தேதியும் அச்சில் வந்தால், இலாகாவில் யாராவது அந்தக் கோப்பைத் தேடி எடுத்தாக வேண்டும்.