பொது நிதியும் தலைமுறை நீதியும்

ஒரு தலைமுறை தான் துய்த்தவற்றின் விலையை அடுத்த தலைமுறையின் கணக்கில் எழுதி வைத்தல் நீதியாகுமா? பொருளியலார் பலர் ஆராயும் இவ்வினாவை நாம் ஈண்டு நமது ஊரில் நின்று நோக்குவாம். ஆரையம்பதி மக்களுக்கு இஃது அறியாத வினா அன்று. நம் பகுதிக் கோயில்களிலே திருவிழாக்கள் குடிவழியாகப் பங்கிடப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். இன்ன நாள் இன்ன குடிக்கு உரியது. அந்நாளின் செலவும் அக்குடியினரையே சாரும். வாணவேடிக்கையை இவ்வாண்டு மிகுவித்து, அதன் கடனை இனிப் பிறக்கும் பிள்ளைகள் இறுக்கட்டும் என்று விடுதல் முறையன்று. ஆயின் கோயிலுக்குக் கிணறு தோண்டினாலோ மதில் எழுப்பினாலோ அச்செலவைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்தலில் குற்றம் இல்லை. பின்வருவோரும் அந்நீரை அருந்துவர் அன்றோ? பொது நிதியில் தலைமுறை நீதி என்பது சுருங்கச் சொல்லின் இதுவேயாம்.

முதியோரைப் பேணுதற்கு நம்மிடம் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அவ்வளவிலோ அயலிலோ சிறு வீட்டில் ஒதுங்கி வாழ்வர். வீடு கொடுத்தோர்க்குச் சோறு கிடைத்தது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்படாத ஓய்வூதியம் அது. ஆயினும் பிள்ளைகள் பலராய் இருத்தலும், அவர்கள் ஊரிலேயே தங்குதலும் அதற்கு அடிப்படை. இன்று பிள்ளைகளோ ஒருவர் இருவர். அவருள்ளும் ஒருவர் மத்திய கிழக்கிலும் மற்றவர் கொழும்பிலும் உழைக்கின்றனர். போரும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும் பல குடும்பங்களில் தாங்குவார் தோளையே பறித்துச் சென்றன. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடலாகாது என 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. எனினும் இல்லாத பிள்ளையைச் சட்டம் உண்டாக்கித் தர மாட்டாது. ஆகவே குடும்பம் சுமந்த பாரம் படிப்படியாகப் பொதுப் பணத்தின்மேல் வந்து விழுகின்றது.

அப்பாரம் எத்துணை விரைவில் வளர்கின்றது என்பதைக் குடிசன மதிப்பு காட்டும். 1946இல் இலங்கையில் ஆயிரவருக்கு 20 பேர் அளவில் இறந்தனர். மலேரியா ஒழிப்பு நாடெங்கும் நடைபெற்ற அடுத்த ஆண்டில் அத்தொகை 14 அளவுக்கு இறங்கியது. அக்காலத்தில் 43 ஆண்டளவாயிருந்த சராசரி ஆயுள் இன்று 75ஐக் கடந்துள்ளது. 1953 அளவில் ஒரு தாய்க்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பிறந்தனர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டளவே. 65 வயதும் அதற்கு மேலுமானோர் 2012ஆம் ஆண்டு மதிப்பில் நூற்றுக்கு 8 பேர் அளவில் இருந்தனர். 2024ஆம் ஆண்டு மதிப்பில் 12ஐத் தாண்டினர். நீண்ட ஆயுள் நற்பேறே. அதனைக் கேடெனக் கூறுவார் அறியார். கேடு யாதெனில், அதற்குரிய செலவை முன்கூட்டி எண்ணாமையே.

நமது ஊரிலே மூன்று முதியோரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் இளைப்பாறிய அரசாங்க ஆசிரியர். ஒருவர் தனியார் நிறுவனத்தில் எழுதுவினைஞராய் இருந்தவர். ஒருவர் வாவியிலும் கடலிலும் வலைவீசி வாழ்ந்தவர். மூவரும் நாற்பதாண்டு உழைத்தவர்களே. பொது நிதி இம்மூவரையும் ஒருபடித்தாக நடத்துகின்றதா?

ஆசிரியரின் ஓய்வூதியத்திற்காக அவர் சம்பளத்திலிருந்து நிதியொன்று சேர்க்கப்படவில்லை. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்திற்கு அவர் செலுத்திய சந்தா வேறு. அவர் பெறுவது இன்று வரி செலுத்துவோரின் பணமே. நாடு முழுவதும் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் இவ்வாறு பெறுகின்றனர். இஃது அவர் குற்றமன்று. குறைந்த சம்பளத்திற்கு உழைத்தால் முதுமையில் பேணுவோம் என்று அரசு கொடுத்த வாக்கை நம்பியே அவர் உழைத்தார்; கொடுத்த வாக்கைக் காத்தலும் நீதியே. ஆயின் அவ்வாக்கு கொடுக்கப்பட்ட நாளில் அதற்கென ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

எழுதுவினைஞரின் நிலை வேறு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியிலே, தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும் தொழில் கொள்வோர் 12 பங்கும் செலுத்துகின்றனர். இது தன் முதுமைக்குத் தானே தேடி வைக்கும் பொருள்; பின்வருவோர்க்குப் பாரமாகாதது. எனினும் அந்நிதியின் பெரும்பகுதி அரசாங்க முறிகளிலேயே இடப்படுகின்றது. 2022 சித்திரையில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. அவ்வாண்டு புரட்டாதியில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐ எட்டியது. நிதி அவ்வாண்டுக்கு அளித்த வட்டியோ நூற்றுக்கு 9. சேமிப்பின் பெறுமதியில் பெரும்பங்கு இவ்வாறு கரைந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது, நிதியின் கையிலிருந்த முறிகள் நெடுங்கால முறிகளாக மாற்றப்பட்டன. அவற்றின் வட்டி தொடக்கத்தில் 12, பின்னர் 9 என வரையறுக்கப்பட்டது. உடன்படாத நிதிகளுக்கு வருமான வரி 14இலிருந்து 30 ஆகும் எனவும் விதிக்கப்பட்டது. வங்கிகளின் முறிகள் இவ்வேற்பாட்டில் சேர்க்கப்படவில்லை. வங்கிகள் ஏற்கெனவே மிகுந்த வரியிறுக்கின்றன என்பதும், அவை தளர்ந்தால் நாடே தளரும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். காரணங்களில் உண்மை உண்டு. ஆயினும் சிக்கனமாய்ச் சேமித்தவரின் முதுமை, சிக்கனமின்றிச் செலவிட்டோரின் கடனுக்கு ஈடாயிற்று என்பதும் உண்மையே.

வலைவீசியவருக்கு யாது உண்டு? கமக்காரருக்கென 1987இலும் மீனவருக்கென 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. கருத்து மிக நன்று. நெல்லும் மீனும் தந்தவரும் முதுமையில் மாதந்தோறும் ஒரு தொகை பெறவேண்டும் அன்றோ? பல இலட்சம் கமக்காரர் சேர்ந்து சந்தா செலுத்தினர். ஆனால் சந்தாவுக்கும் வாக்களித்த தொகைக்கும் பொருத்தம் இல்லை. முன்னர் சேர்ந்தோர்க்குப் பின்னர் சேர்ந்தோரின் பணத்தையே எடுத்துக் கொடுக்க நேர்ந்தது. 2012 அளவில் கமக்காரர் நிதி வரண்டு கொடுப்பனவு நின்றது. 2014இலே திறைசேரியின் பணத்தைக் கொண்டே மீண்டும் தொடங்கியது. இனிமையான வாக்கைக் கொடுத்துக் கணக்கைப் பின்னவர்க்கு விடுவதால் வரும் விளைவுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்னும் ஒன்று நோக்கற்பாலது. 2024 தை முதல் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 18 ஆக்கப்பட்டது. அவ்வரிக்குட்பட்ட பொருளை வாங்குங்கால் மீனவரும் கூலியாளரும் அதனைச் செலுத்துகின்றனர். ஆகவே ஓய்வூதியம் இல்லாதவரும் பிறருடைய ஓய்வூதியத்துக்குத் தம் பங்கை இறுக்குகின்றனர். ஆகையால் தலைமுறை நீதியை, ஒரே தலைமுறையினருள் உள்ளார்க்கும் இல்லார்க்கும் இடையேயுள்ள நீதியினின்றும் பிரித்தல் இயலாது.

இதனால் இளையோர் முதியோர்மீது வழக்குத் தொடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கடன் இருபுறமும் உண்டு. 1945இலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு வரியிறுத்தோருள் மிகப்பலர் கல்லூரி வாயிலையே காணாதவர்கள். அவர்கள் அன்று கொடுத்ததன் பயனையே நாம் துய்த்தோம். அது கிணறு தோண்டிய செலவு, வாணவேடிக்கை அன்று.

அரச ஊழியரின் கட்டாய இளைப்பாறும் வயதின் வரலாறும் ஒரு படிப்பினை தரும். அது 2022இல் 65 ஆக உயர்த்தப்பட்டது. பின்னர் 2023 தை முதல் மீண்டும் 60 ஆக்கப்பட்டது. நீண்டு வாழ்வோர் சற்று நீண்டு உழைத்தல் நியாயமே. ஆயின் பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் இளைஞனையும் எண்ண வேண்டும். ஒரே ஆண்டில் உயர்த்தித் தாழ்த்துவதனால் இருசாராரும் தம் வாழ்க்கையைத் திட்டமிட இயலாதவராவர். மாற்றம் வேண்டின் அதனை முன்னறிவித்து, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் செய்தலே முறை.

நாம் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் நெறிகள் மூன்று. வாக்களிக்கும் நாளிலேயே அதற்குரிய பொருளையும் ஒதுக்குதல் முதலாவது. சேமித்தவரின் நிதியை அரசு தன் இடருக்குக் கைமாற்றாகக் கொள்ளாது காத்தல் இரண்டாவது. சந்தா செலுத்த இயலாத எளியோரின் முதுமைக்கு, எல்லோரும் தத்தம் வலிமைக்கேற்ப இறுக்கும் வரியிலிருந்து ஓர் அடிப்படைத் தொகை அளித்தல் மூன்றாவது.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் ஓய்வூதியம் பெறுவோர் பலர். அதனை இறுக்கும் வயதினரும் பலர். நமது பங்கு குறையுமோ என்று மட்டும் வினவாது, நம் பேரப்பிள்ளைகள் எதனை இறுக்க நேரும் என்றும் இரு சாராரும் வினவுதல் வேண்டும். ஆட்சியாளர் புதிய சலுகையொன்றை அறிவிக்கும்போது, நமக்கே அது நன்மை தருவதாயினும், இதற்குப் பணம் எங்கே என்று கேட்கும் துணிவு கற்றோர்க்கு வேண்டும். பிறர் இறுத்த வரியினால் கல்வி பெற்ற நாம், பின்வருவோர்க்குச் செலுத்தவேண்டிய கைம்மாறு அது.