ஒரே தளம் பார்த்தவர்கள்

ஒரு பல்கலைக்கழகக் கணிப்பொறிகள் யாவும் ஒரே வாயில் வழியாக இணையத்தை அடைவதாகக் கொள்வோம். யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்பது அந்த வாயிலில் பதிவாகிறது. ஒருவரையொருவர் அறியாத மாணவர்களிடையே உள்ள விருப்ப ஒற்றுமையை இப்பதிவிலிருந்து கண்டறிய இயலுமா? இயலும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாணவர்கள் பார்த்த தளங்கள் இவை:

அ: வானியல், சதுரங்கம், கிரிக்கெட்
ஆ: வானியல், சதுரங்கம், ஓவியம்
இ: கிரிக்கெட், செய்தி

ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி இடுங்கள். பொதுத் தளம் உடைய இருவரைக் கோட்டால் இணையுங்கள். இதுவே வலைப்பின்னல். புள்ளிகளைக் கணுக்கள் என்பர்.

கோட்டின் வலிமையை அளப்பது எப்படி? இருவருக்கும் பொதுவான தளங்களின் எண்ணிக்கையை, இருவரும் சேர்ந்து பார்த்த வெவ்வேறு தளங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அ, ஆ இருவருக்கும் 2/4, அதாவது 0.5. அ, இ இருவருக்கும் 1/4, அதாவது 0.25. ஆ, இ இருவருக்கும் சுழி. ஆயினும் அவர்கள் அ வழியாக இரண்டே படிகளில் இணைந்துள்ளனர். இவ்விகிதம் கணிப்பொறிக்காகத் தோன்றியதன்று. சுவிட்சர்லாந்துத் தாவரவியல் அறிஞர் பால் ஜக்கார், ஆல்ப்ஸ் மலைப்பகுதிகளின் தாவரங்களை ஒப்பிட 1901இல் கையாண்ட முறை இது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் பயன்படுத்தும் தேடுபொறியையும் கணக்கில் சேர்த்தால், எல்லாக் கணுக்களும் ஒன்றோடொன்று இணைந்துவிடும். இருவரும் காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதால் அவர்களின் விருப்பம் ஒன்றாகிவிடுமா? ஆகவே பலர் பார்க்கும் தளத்திற்குக் குறைந்த மதிப்பும், சிலரே பார்க்கும் தளத்திற்கு மிகுந்த மதிப்பும் தருவார்கள்.

அந்த அரிய விருப்பங்களே ஆளையும் காட்டிக்கொடுக்கும்! 2006இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளர்களுக்காக ஏறத்தாழ 650,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்களே இருந்தன. எனினும், ஊர்ப் பெயர், குடும்பப் பெயர் முதலிய தேடல்களைச் சேர்த்துப் பார்த்து, சில நாட்களிலேயே ஒரு பெண்மணி இன்னார் என்பதைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டனர். நிறுவனம் பட்டியலைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் பலரிடம் அதன் படிகள் இருந்தன. பெயரை அழித்தால் மட்டும் போதாது. விருப்பங்களின் சேர்க்கையே ஒருவருக்கு மற்றொரு பெயராகிவிடுகிறது. எனவே இத்தகைய பதிவை யார் வைத்திருக்கிறார், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார் எனக் கேட்பது உங்கள் உரிமை.

பயிற்சி: ஓவியம், செய்தி ஆகியவற்றைப் பார்த்த ஈ என்பவரைச் சேர்த்து வரையுங்கள். மூலைவிட்டம் இல்லாத நாற்கரம் கிடைத்தால் உங்கள் விடை சரி. இ, ஈ கோட்டின் வலிமை என்ன?