கல்லீரல் மருந்தை முறித்துவிடுமா?

கேள்வி: காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கல்லீரல் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும், அதனால் இரட்டிப்பாகச் சாப்பிடு என்கிறார்கள். சரியா?
– ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: குறைக்கும் என்பது உண்மை, இரட்டிப்பாக்குவது தவறு. செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனையானாலும் உங்கள் ஊர் சுகாதார நிலையமானாலும், அங்கே தரும் ஐசோனியாசிட்டைக் கல்லீரல் நொதி ஒன்று செயலற்ற பொருளாக மாற்றுகிறது. அந்த வேகம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தின் சோதனைகளில், வாரம் ஒருமுறை மருந்து கொடுத்தபோது வேகமாக மாற்றும் உடல்வாகினருக்குப் பலன் குறைந்தது. தினமும் கொடுக்கும்போது அந்த வித்தியாசம் பெரிதாகப் படுவதில்லை. அதோடு சேர்த்துத் தரும் ரிஃபாம்பிசின் மருந்தின் விஷயம் வேறு. கல்லீரல் அதை மாற்றிய பிறகும் வீரியம் ஓரளவு மிஞ்சும்.

‘வேகமாக மாற்றுகிறவர் கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். நீங்கள் எந்த ரகம் என்பது கண்ணாடியில் தெரியாதே! மெதுவாக மாற்றுகிறவர் என்றால் இரட்டை அளவு நரம்பையும் கல்லீரலையும் பதம்பார்த்துவிடும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே குமட்டினால், கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.