பில் செட்டில் பண்ணியது யார்?

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்து அலுவலகம் ஒன்றில், புதிதாக வேலைக்கு வருபவர்களை இன்டர்வியூ செய்யும் பொறுப்பு சில வருடம் என்னிடம் இருந்தது. பத்து ரெஸ்யூம் வந்தால் ஆறில் அதே வரி இருக்கும்: 'கல்லூரிக் கலை விழாவில் வாலண்டியர்'. "என்னப்பா பண்ணீங்க?" என்று கேட்பேன். "எல்லாம் பண்ணோம் சார். டீம் ஒர்க்." அதற்கு மேல் பேச்சு நகராது.

ஒரு நாள் ஒரு பெண் வந்தார். அதே வரி, அதே கேள்வி. "நான் ஜெனரேட்டர் பாத்தேன் சார்" என்றார்.

"ஜெனரேட்டரா?"

"ஆமா சார். மூணு நாள் வாடகை. டீசல் நம்ம செலவு. மொத நாள் எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு யாரும் எழுதல, அவங்க கேட்ட காச குடுத்துட்டோம். ரெண்டாம் நாள்லேருந்து ஆன் பண்ணும்போதும் ஆஃப் பண்ணும்போதும் மீட்டர் ரீடிங் எழுதி ஆபரேட்டர்கிட்ட கையெழுத்து வாங்குனேன். டீசல் செலவு நல்லா கொறஞ்சுது சார்."

அந்த விழாவில் யார் பாடினார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை, மேடைக்குப் பின்னாலேயே நின்றதால் பார்க்கவில்லையாம். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய இன்டர்வியூ அரை மணி நேரம் ஓடியது. வேலையும் கிடைத்தது.

ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை தென்சென்னைப் புறநகர் முழுக்கத் திருவிழாக் கோலம்தான். பொங்கலை ஒட்டி ஐஐடியில் சாஸ்த்ராவும் சாரங்கும், கிழக்குத் தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ், காட்டாங்குளத்தூரில் எஸ்ஆர்எம்மின் மிலன், நடுநடுவே குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை பொறியியல் கல்லூரிகளின் சிம்போசியங்கள். மின்சார ரயிலில் ஒரே பெட்டிக்குள் நாலு கல்லூரியின் அடையாள அட்டை தொங்கும். பெரும்பாலானவர்களுக்கு இந்த விழாக்களின் லாபம் ஓடி. வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு. அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் வாங்கியவன்தான். ஆனால் ஓடி வாங்கிக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்தவருக்கும் ஜெனரேட்டர் மீட்டர் பார்த்தவருக்கும் மூன்று வருடம் கழித்து வித்தியாசம் தெரியும். அதனால், எண்ணக்கூடிய ஒரு பொருளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி, டீசல், சாப்பாட்டு டோக்கன், மைக், விருந்தினரின் வண்டி, எதுவாகவும் இருக்கட்டும். எடுத்ததை அதன் கடைசி பில் செட்டில் ஆகும்வரை விடாதீர்கள்.

பெரிய கூட்டத்தை வரவழைத்துக் கவனிப்பதில் தாம்பரத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு இங்கே வந்தது 1937-ல். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே அந்தப் புது வளாகத்தில் சர்வதேச மிஷனரி கவுன்சிலின் உலக மாநாடு கூடியது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேல் வந்தார்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்தது. முதலில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்து, ஜப்பான் படையெடுப்பால் இடம் மாறிய மாநாடு அது. சமய வரலாறு படிப்பவர்கள் 'தாம்பரம் 1938' என்றாலே அந்த மாநாட்டுக்காக ஹென்ரிக் கிரேமர் எழுதிய புத்தகத்தையும் அதை ஒட்டிய விவாதத்தையும் பேசுவார்கள். எனக்கு வேறு கேள்விகள். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது, சரி. ஸ்டேஷனில் இறங்கியவர்களின் பெட்டியைத் தூக்கியது யார்? யாருக்கு எந்த அறை, யாருக்குக் காரம் ஆகாது என்று எந்த நோட்டில் எழுதி வைத்தார்கள்? பால்காரருக்குக் கணக்கு தீர்த்தது யார்? தலைமை வகித்த ஜான் மோட்டின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. இன்று அந்த நோட்டு கிடைத்தால் நான் அதைத்தான் முதலில் புரட்டுவேன்.

எந்த வேலையைக் கேட்டு வாங்கலாம்? என் ஓட்டு விருந்தினர் கவனிப்புக்கு. யாரும் விரும்பாத வேலை, ஆனால் ஒரே நாளில் உங்களை வளர்த்துவிடும்.

நான் படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொற்பொழிவாற்ற மதுரைப் பக்கமிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். தெற்கிலிருந்து வரும் விரைவு ரயில்கள் பல விடிகாலையில் தாம்பரத்தில் நிற்கும். "ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன் ஐயா" என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். நின்றேன், கிழக்கு வாசலில். அவர் மேற்கு வாசலில் இறங்கி ஜிஎஸ்டி சாலையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். இருவருக்கும் நடுவில் அத்தனை தண்டவாளம். அன்று என்னிடம் செல்போன் கிடையாது. முக்கால் மணி நேரம் கழித்து அவரே ஓர் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்கு வந்து, வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சிரைக்கப் போய் நின்றதும், "தம்பி, நீங்க டீ சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்றைக்குச் செல்போன் இருக்கிறது, லொகேஷன் அனுப்பலாம். ஆனாலும் சிக்கல் தீரவில்லை. தென் மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுகின்றன. பழைய ஞாபகத்தில் கோயம்பேடு வரை போகும் என்று நினைத்து ஏறும் விருந்தினர் இன்னும் இருக்கிறார். அவர் எதில் வருகிறார், எங்கே இறங்குகிறார், எந்த வாசல், கூட யாராவது வருகிறார்களா, சர்க்கரை நோய் உண்டா, படி ஏற முடியுமா என்பதை எல்லாம் முந்தின நாள் ஒரே போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சன்மானக் கவரையும் பயணச் செலவையும் மேடையில் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுக்காமல், தனியாக, ரசீதில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். திரும்பிப் போகும் வண்டியை ஏற்பாடு செய்யாமல் கைதட்டி அனுப்பிவிடும் கல்லூரிகள் நிறைய. வரும்போது மூன்று பேர் மாலையோடு நிற்பார்கள். போகும்போது அவர் தனியாக நிற்பார். அந்த நேரத்தில் கூட நின்று வண்டி ஏற்றிவிடுகிறவரின் பெயரை அவர் கேட்டுக்கொள்வார். எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கு முதல் வேலை அப்படி அமைந்தது.

சொற்பொழிவுகளுக்குக் கலை விழாவின் கூட்டம் வராது, அதனாலேயே இடம் தாராளம். ஐஐடியில் மாணவர்கள் நடத்தும் எக்ஸ்ட்ரா மியூரல் லெக்சர்ஸ் பல ஆண்டுகளாக நடக்கிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம். பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். வேளச்சேரியிலோ மேடவாக்கத்திலோ இருப்பவருக்கு எல்லாமே ஒரு பஸ் தூரம். தமிழ், வரலாறு, இதழியல் படிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பேச்சாளரின் அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்து, பேச்சை முழுக்க எழுத்தாக்கி ஒரு வாரத்துக்குள் அவருக்கே அனுப்புங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலைந்து மணி நேரம் உட்கார வேண்டும், முதுகு வலிக்கும். செயலிகள் எழுத்தாக்கித் தரும் தமிழில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சிதைந்து கிடக்கும். அதைத் திருத்தத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. உ.வே.சாமிநாதையர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக ஆற்றிய சொற்பொழிவுகளே பிறகு 'சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும்' என்ற நூலாயின. பேச்சு நூலாக வேண்டுமென்றால் நடுவில் ஒரு கை வேண்டும், அது உங்கள் கையாக இருக்கட்டும். பதிப்பகத்தில் வேலை கேட்டுப் போகும்போது காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

கேள்வி நேரத்தைப் பற்றி ஒரு சொல். "ஐயா அவர்களின் உரை மிகச் சிறப்பாக இருந்தது" என்று ஆரம்பித்து இரண்டு நிமிடம் நீங்கள் பேசினால் அரங்கமே உங்களை வேறு விதமாக நினைவு வைத்துக்கொள்ளும். பெயர், படிப்பு, ஒரே கேள்வி, உட்காருங்கள்.

மேடை ஏறவே வேண்டாமா என்றால், ஏறுங்கள், கூட்டமில்லாத போட்டியாகப் பார்த்து ஏறுங்கள். குரோம்பேட்டை எம்ஐடியில் அப்துல் கலாம் படித்த காலத்தில் அங்கிருந்த தமிழ்ச் சங்கம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. நம் விமானத்தை நாமே செய்வோம் என்பதைப் பொருளாக்கித் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் பரிசு வாங்கியதை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். விமானப் பொறியியல் மாணவர், தமிழ்க் கட்டுரை, நகைச்சுவை எழுத்தாளர் கையால் பரிசு! குழு நடனத்துக்கு நாற்பது அணி வரிசையில் நிற்கும் நாளில், கட்டுரைப் போட்டி அறையில் இன்றும் ஏழு பேர்தான் இருப்பார்கள்.

ஸ்பான்சர் பிடிக்கும் குழுவில் சேர்ந்தால் விற்பனை வேலைக்கு நல்ல பயிற்சி. பத்து கடை ஏறினால் ஒன்பதில் "ஓனர் இல்ல தம்பி" என்ற பதில் பழகிவிடும். ஈவென்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போக நினைப்பவர்கள் சட்டம் சார்ந்த வேலையைக் கேளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதற்கு முன்னும் காவல்துறை அனுமதி வேண்டும். பாட்டுக்கும் உரிமை உண்டு. மாணவர்களும் ஆசிரியர்களும் பாடி, கேட்பவர்களும் அந்தக் கல்லூரி மாணவர், ஆசிரியர், பெற்றோராகவே இருந்தால் பதிப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. டிக்கெட் போட்டு வெளியாட்களை விட்டு, சினிமாப் பாடகரைப் பாட வைத்தால் கதை வேறு. ஐபிஆர்எஸ் போன்ற பதிப்புரிமை அமைப்புகளிடம் அனுமதி பெற வேண்டி வரும். கல்லூரி அளவில் இதைத் தெரிந்து வைத்திருப்பவர் அபூர்வம். இன்டர்வியூவில் நீங்களாகவே இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைப்பார்.

இனி பில். விழா முடிந்த மறுநாள் காலை வளாகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பந்தல்காரர் லாரியோடு வருவார். 500 நாற்காலி இறக்கியதாக அவர் நோட்டில் இருக்கும். இங்கே 488 நிற்கும். மீதி ஹாஸ்டல் மொட்டை மாடியில் இருக்கலாம். இறக்கும்போதே எண்ணி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் மாடிக்கு ஓடலாம்; இல்லையென்றால் அவர் சொன்னதே கணக்கு. அட்வான்ஸ் கொடுத்த அன்றே ரசீது வாங்குங்கள். ஆட்டோக்காரரும் டீக்கடைக்காரரும் பில் தர மாட்டார்கள். தேதி, தொகை, எதற்காக என்று எழுதிய வவுச்சரில் அங்கேயே கையெழுத்து வாங்க வேண்டும், ஒரு வாரம் கழித்துத் தேடிப் போனால் ஆள் மாறியிருக்கும். ஒலி, ஒளி அமைப்புக்காரரிடம் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். (தாம்பரத்தில் இந்த மூன்றெழுத்தைச் சொன்னால் முதலில் சாலையைக் காட்டுவார்கள்.) கொட்டேஷனில் ஒரு தொகை, பில்லில் ஒரு தொகை என்றால் ஏன் கூடியது என்று அதே தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இதையெல்லாம் ஒரு ஃபைலில் கோத்து அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் கொடுத்து, "சரியா இருக்கு" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுவிட்டால் உங்கள் முதல் தணிக்கை முடிந்தது.

ரெஸ்யூமில் அப்போது வரியே மாறிவிடும். 'வாலண்டியர்' போய், 'மூன்று நாள் விழாவுக்கு 500 இருக்கை, இரண்டு ஒப்பந்தக்காரர், ஒன்பது நாளில் கணக்கு முடிப்பு' என்று வரும். எண்கள் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஊதினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். நான் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டுப் பழகியவன்.

கடைசி வேலை, அடுத்த ஆண்டுக்காரர்களுக்கு ஒரு நோட்டு. ஐஐடி மாணவர்களின் சாஸ்த்ரா ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்ற விழா. அதற்கு அடிப்படையே யார் எதை எப்படிச் செய்தார் என்று எழுதி வைப்பதுதான். உங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். எந்த ஜெனரேட்டர்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார், எந்த ஹாலில் மழை ஒழுகும், ரிகர்சலுக்குச் சாவி யாரிடம் என்று எழுதுங்கள். நான் கல்லூரியை விட்டு வரும்போது அப்படி ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பல வருடம் கழித்து ஒரு கருத்தரங்குக்குப் பேச அழைத்தார்கள். முந்தின நாள் மாலை ஒரு மாணவி போன் செய்தாள். வணக்கம் சொல்லிவிட்டு முதலில் கேட்டது:

"சார், கிழக்கு வாசலா, மேற்கு வாசலா?"