லேசர் கட்டரும் ஒரு ரெக்சின் துண்டும்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



மலர்க் குழுவினர் தொழில்நுட்பக் கட்டுரை ஒன்று கேட்டபோது லேசரைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். புத்தகத்தைப் பார்த்து நாலு பக்கம் எழுதியிருக்கலாம். ஆனால் நம்மில் பலர் இப்போது புராஜெக்ட் வேலைக்காக பொதுப் பட்டறைகளுக்குப் போய், மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து லேசர் கட்டரை நாமே ஓட்டுகிறோம். அப்படி ஒரு பட்டறையில் நான் செய்த தப்பை மறைத்துவிட்டுப் பாடம் மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

எங்க அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆட்டோ சீட், பைக் சீட் தைக்கிறவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் நான் படிப்பது எல்லாவற்றையும் அப்பாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். "பிளேடே இல்லாம வெட்டுதாமே, எப்படிடா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மரம், அக்ரிலிக் வெட்டுகிற இயந்திரத்தில் இருப்பது பெரும்பாலும் கார்பன்-டை-ஆக்சைடு லேசர். இதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்து, பூனா இஞ்சினியரிங் கல்லூரியில் படித்தவர். ஒரு கண்ணாடிக் குழாயில் கார்பன்-டை-ஆக்சைடோடு நைட்ரஜனும் ஹீலியமும் அடைத்திருக்கும். அதில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாயும்போது ஒளிக்கற்றை பிறக்கிறது. அது கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து, கடைசியில் லென்சு வழியாகக் குண்டூசி முனையை விடச் சின்ன இடத்தில் குவிகிறது. நான் ஓட்டும் இயந்திரம் 80 வாட். எங்கள் வீட்டுப் பழைய சீலிங் ஃபேன் இழுக்கிற கரண்டும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆனால் அந்த 80 வாட்டும் ஒரே புள்ளியில் விழுவதால், பட்ட இடம் உருகி ஆவியாகிவிடுகிறது. அதாவது லேசர் கட்டர் அறுப்பதில்லை, எரிக்கிறது. அப்படி எரித்த புகை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? நான் மறந்தது அதைத்தான்.

போன வருஷம் அப்பாவுக்கு ஒரே மாதிரி நாற்பது சீட்டுக்கு ஆர்டர் வந்தது. ஒவ்வொரு சீட்டிலும் பூ டிசைன் வெட்டி ஒட்ட வேண்டும். அப்பாவுக்குக் கை நடுக்கம் ஆரம்பித்த நேரம் அது. கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு லேசரில் வெட்டினால் இரண்டு மாலையில் முடிந்துவிடும் என்று சொன்னேன். படித்த மகன் என்ற பெருமை அப்பாவுக்கு. எனக்கும்தான்.

பட்டறையில் ஒரு நோட்டு உண்டு. பேர், நேரம், என்ன பொருள் வெட்டுகிறோம் என்று எழுத வேண்டும். நான் 'துணி' என்று எழுதினேன். பின்பக்கம் துணிதானே என்று நினைத்தேன். பொறுப்பாளர் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். வெட்ட ஆரம்பித்ததும் மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது, தொண்டை கரகரத்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதே என்று தொடர்ந்து வெட்டினேன். இரண்டாம் நாளும் வெட்டினேன்.

கடையில் இன்று ரெக்சின் என்று விற்பது பெரும்பாலும் துணி மேல் பிவிசி பூசியதுதான். சுத்தமான பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது ஈரத்தில் கரைந்தால் என்ன ஆகும் என்று முதலாண்டு வேதியியல் படித்த எல்லோருக்கும் தெரியும்: ஹைட்ரோகுளோரிக் அமிலம். மூக்கிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கிறது. மழைக்காலக் காற்றிலும் ஈரம் இருக்கிறது. அந்த அமிலம் இயந்திரத்தின் தண்டவாளத்தையும் ஸ்க்ரூவையும் துருப்பிடிக்க வைக்கும், லென்சின் பூச்சையும் கெடுக்கும். லேப் பரீட்சையில் நான் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பற்றி எழுதி நல்ல மார்க் வாங்கியவன். அந்த மார்க் எனக்குப் பட்டறையில் உதவவில்லை.

ரெக்சின் மட்டும் இல்லை. ஃப்ளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், மாடல் செய்ய வாங்குகிறோமே வெள்ளை ஃபோம் ஷீட், அதில் பிவிசி வகை, இவை எதையும் லேசரில் வைக்கக் கூடாது. பாலிகார்பனேட் பார்க்க அக்ரிலிக் மாதிரியே இருக்கும். ஆனால் ஒழுங்காக வெட்டாது, பழுப்பாகக் கருகித் தீப்பிடிக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்பார். ஒன்று இல்லை.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. செம்புக் கம்பியைத் தீயில் நன்றாகக் காய்ச்சி, சூட்டோடு அந்தப் பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்ட வேண்டும். ஜுவாலை பச்சையாக மாறினால் குளோரின் இருக்கிறது என்று பொருள். கம்பியை இடுக்கியால் பிடித்து, திறந்த வெளியில், காற்று நம்மை விட்டு விலகிப் போகிற பக்கமாக நின்று செய்யுங்கள். ஒரு பொட்டு பிளாஸ்டிக் போதும். பச்சை வரவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று ஆகிவிடாது. என்ன பொருள் என்றே தெரியாததை வெட்டாமல் விடுவதே நல்லது.

என் கதைக்கு வருகிறேன். நான் வெட்டி ஒரு வாரம் கழித்து, பிளைவுட்டில் பெயர்ப் பலகை செய்து விற்கிற ஒரு அக்கா அதே இயந்திரத்தில் வேலை செய்தார். லென்சு மங்கிப் போயிருந்ததால் வழக்கமான வேகத்தில் பலகை அறுபடவில்லை. அவர் வேகத்தைக் குறைத்தார், பவரைக் கூட்டினார். மெதுவாகப் போனால் ஒரே இடத்தில் சூடு அதிகம் ஏறும். ஓரம் கருகி, பலகையில் தீப்பிடித்தது. நான் அடுத்த மேசையில் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன்.

அக்கா இயந்திரத்தை விட்டு நகராதவர். அதனால்தான் அன்று பட்டறை தப்பித்தது. சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை அடித்தார். அது கரண்டை மட்டும் இல்லாமல், லென்சு பக்கம் ஊதுகிற காற்றையும் நிறுத்தியது. பிறகு மூடியைத் திறந்து, பக்கத்தில் வைத்திருந்த ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். தீ கையளவு இருந்ததால் அது போதுமாக இருந்தது. பெரிதாகியிருந்தால் மூடியைத் திறக்கவே கூடாது, காற்று உள்ளே போய் இன்னும் எரியும். அப்போது எல்லோரையும் வெளியே அனுப்பி, 101-க்குப் போன் செய்ய வேண்டும். லேசர் கட்டருக்குப் பக்கத்தில் கார்பன்-டை-ஆக்சைடு தீயணைப்பான் வைப்பது நல்லது. பவுடர் தீயணைப்பானும் தீயை அணைக்கும், ஆனால் அந்தப் பவுடரில் லென்சும் கண்ணாடியும் பாழாகும். அதற்காக உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எதை அடிப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அண்ணன் வந்து லென்சைக் கழற்றிப் பார்த்தார். தண்டவாளத்தில் பழுப்பாகப் படிந்திருந்ததை விரலால் தடவினார். நோட்டைப் புரட்டி, "துணின்னு எழுதியிருக்கியே தம்பி, என்ன துணி?" என்றார்.

"ரெக்சின்ணே."

அவர் திட்டவில்லை. அக்காதான் கேட்டார்: "இருபது போர்டு நாளைக்குக் குடுக்கணும்ப்பா. நான் இப்ப யாருகிட்ட போய் வெட்டுவேன்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. லென்சு மங்கியதற்கு நான் ஒருவன் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, மற்றவர்கள் வெட்டிய புகையும் படிந்திருக்கும். ஆனால் அமிலம் என்னுடையது. புது லென்சு விலையில் பாதியை அப்பா சீட்டுக் காசிலிருந்து கொடுத்தார். அக்காவின் ஆர்டர் போனது போனதுதான்.

இன்னொரு விஷயம் மூடியைப் பற்றி. மூடியைத் திறந்தால் லேசர் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்சு இருக்கும். உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும் என்று சிலர் அந்தச் சுவிட்சில் டேப் ஒட்டிவிடுகிறார்கள். கேட்டால் "சிவப்பு வெளிச்சம் மேல படாம பார்த்துக்கிறேன்டா" என்கிறார்கள். அந்தச் சிவப்புப் புள்ளி இடம் காட்டுகிற வேறு ஒரு சின்ன லேசர். வெட்டுகிற கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், அது கண்ணுக்கே தெரியாது. தெரியாத ஒளிக்குக் கண் எப்படி இமைக்கும்? பளபளப்பான உலோகத்தில் பட்டுச் சிதறி வந்தாலும் கருவிழியைச் சுட்டுவிடும். மூடியில் உள்ள அக்ரிலிக் ஜன்னல் இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வதால், மூடி வழியாகவே தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் உலோகத்தில் எழுத்துப் பொறிக்கிற ஃபைபர் லேசரின் அலைநீளம் ஏறக்குறைய 1.06 மைக்ரோமீட்டர். அது சாதாரண அக்ரிலிக்கைத் தாண்டி வரும், கண்ணுக்குள் புகுந்து விழித்திரை வரை போகும். ஆகவே ஒரு இயந்திரத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றை ஓட்டக் கூடாது.

மகாராஷ்டிரத்தில் பாபல் என்ற கிராமத்தில், விஞ்ஞான் ஆசிரமத்தில் 2002-இல் ஃபேப் லேப் என்ற பொதுப் பட்டறை தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளுக்குக் கைத்தொழில் சொல்லிக் கொடுக்கிற இடம் அது. லட்சக்கணக்கில் விலை உள்ள இயந்திரத்தை நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் தொட முடிகிறதென்றால் இந்த மாதிரி இடங்களால்தான். எங்கள் பட்டறையிலும் நான் சொன்ன சம்பவத்துக்குப் பிறகு லேசரைப் பூட்டி வைத்துவிடலாம், பொறுப்பாளர் மட்டும் ஓட்டட்டும் என்று ஒரு பேச்சு வந்தது. அண்ணன்தான் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாக நோட்டில் ஒரு பத்தி கூட்டினார்: 'பொருளின் மாதிரித் துண்டு'. வெட்டுகிற ஒவ்வொரு பொருளிலும் ஒரு விரல் நீளம் வெட்டி அங்கே ஸ்டேப்ளர் அடிக்க வேண்டும். முதல் பக்கத்தில் என் கறுப்பு ரெக்சின் துண்டு இருக்கிறது, 'வெட்டக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி.

அப்பா இப்போது ரெக்சின் கடையில், "இது பிவிசியா, வேற எதாவதா?" என்று கேட்கிறார். கடைக்காரர் முழிக்கிறார். அந்த நாற்பது பூவுக்குப் பிறகு வந்த டிசைன்களை லேசரில் தகட்டு அட்டையில் வெட்டி, அதை அச்சாக வைத்து நான் ரெக்சினைக் கத்தியால் வெட்டித் தருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் நான் பட்டறையில்தான் இருப்பேன். புராஜெக்டுக்கு வாங்கிய ஷீட் என்னவென்று தெரியாதவர்கள் ஒரு துண்டு எடுத்து வாருங்கள். செம்புக் கம்பி என்னிடம் இருக்கிறது.