பிரிட்டனில் இணையக் கடை: கார்டுப் பணம் கைக்கு வந்து சேரும் வழி

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் மகனோ மகளோ மருமகளோ பிரிட்டனில் இருக்கிறார்கள். படிக்கப் போனவர்கள், வேலைக்குப் போனவர்கள், திருமணமாகிப் போனவர்கள் என்று பல வகை. அவர்களில் சிலர் இப்போது சொந்தமாக ஏதேனும் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். துணிப்பை, கைவினை நகை, வாழ்த்து அட்டை, பாட்டு வகுப்பு என்று சின்னச் சின்னத் தொழில்கள். கணக்கு வழக்கில் பழகிய அப்பாவிடமோ மாமாவிடமோ தொலைபேசியில் யோசனை கேட்கிறார்கள். இணையக் கடையில் கார்டு மூலம் பணம் வாங்க என்னென்ன ஏற்பாடு வேண்டும், எங்கே கவனம் வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

கடைக்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் பிரிட்டனில் சுயதொழில் செய்யக்கூடாது. விடுமுறையில் பொழுதுபோக்காக நாலு பை தைத்து இணையத்தில் விற்பதும் சுயதொழில்தான். மற்ற விசாக்காரர்களும் தங்கள் நிபந்தனைகளைப் படித்துவிட்டே இறங்க வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரியாகச் செய்து பயனில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் மகள் லீட்ஸ் நகரில் இருந்துகொண்டு கையால் தைத்த பைகளை ஒவ்வொன்றும் 40 பவுண்டு விலைக்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் கார்டு எண்ணைக் கொடுத்துப் பொத்தானை அழுத்துகிறார். சில விநாடிகளில் 'பணம் ஏற்கப்பட்டது' என்று வருகிறது. உண்மையில் அந்த விநாடியில் பணம் எங்கும் நகரவில்லை. கார்டு கொடுத்த வங்கி, 'இவர் கணக்கில் இவ்வளவு தொகை இருக்கிறது, ஒதுக்கி வைத்துவிட்டேன்' என்று ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். பிறகு அந்தத் தொகை விசா அல்லது மாஸ்டர்கார்டு அமைப்பின் வழியாக (இது பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா அல்ல) கடைக்காரர் சார்பில் வசூல் செய்யும் வங்கிக்கு வந்து, அங்கிருந்து ஓரிரு வேலை நாளோ சற்றுக் கூடுதலோ கழித்துக் கடைக்காரரின் கணக்குக்கு வரும். ஒவ்வொரு கைமாறலிலும் ஒரு சிறு தொகை கழியும். கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்குக்கு உச்சவரம்பு உண்டு: பிரிட்டனில் கொடுக்கப்பட்ட சாதாரண நுகர்வோர் கார்டுகளை அங்கேயே பயன்படுத்தினால் டெபிட் கார்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம். மீதிக் கழிவை வசூல் நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்கின்றன.

இந்த ஏற்பாடு ஒரு காலத்தில் சிறியவர்களுக்கு எட்டாக் கனியாக இருந்தது. இணைய வணிகத்தின் தொடக்க ஆண்டுகளில் கடைக்காரர் ஒரு வங்கியிடம் போய், இணைய விற்பனைக்கென்றே தனியாக வணிகர் கணக்குக் கேட்க வேண்டும். வங்கி பழைய வரவு செலவைக் கேட்கும், தொழில் திட்டத்தைக் கேட்கும், முன்பணம்கூடக் கேட்கும். புதியவர் என்றால் பெரும்பாலும் கை விரித்துவிடும். கணக்குக் கிடைத்தாலும் 'கேட்வே' எனப்படும் மென்பொருள் இணைப்புக்கு வேறொரு நிறுவனத்திடம் போக வேண்டும். பேபால் வந்தது. 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்ட்ரைப் 2013இல் பிரிட்டனுக்கும் வந்தது. நிலைமை மாறிவிட்டது. இந்த நிறுவனங்கள் வங்கிகளின் எதிரில் தாங்களே பெரிய வணிகராக நின்று, ஆயிரக்கணக்கான சிறு கடைகளைத் தங்கள் குடையின் கீழ் சேர்த்துக்கொள்கின்றன. பெயர், பிறந்த தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எண் கொடுத்தால் அன்றைக்கே கடை திறந்துவிடலாம்.

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வங்கி கேட்ட கேள்விகள் மறைந்துவிட்டன என்று நினைக்கிறார்கள். அவை மறையவில்லை, தள்ளிப் போயிருக்கின்றன. முன்பு கணக்குத் திறக்கும் முன்னால் கேட்டார்கள், இப்போது திறந்த பிறகு கேட்கிறார்கள். பெரும்பாலும் விற்பனை திடீரென்று ஏறும் நாளில் கேட்கிறார்கள். மாதம் பத்துப் பை விற்ற கடை, கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரே வாரத்தில் இருநூறு பை விற்கிறது. நிறுவனத்தின் கம்ப்யூட்டர் இதைச் சந்தேகமாகக் குறித்துக்கொள்கிறது. பணம் நிற்கிறது. துணி வாங்கிய பில் எங்கே, தபாலில் அனுப்பிய ரசீது எங்கே, முகவரிச் சான்று எங்கே என்று கடிதம் வருகிறது. துணிக்கடைக்காரருக்கும் தபாலுக்கும் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும், விற்ற பணமோ உள்ளே கிடக்கிறது. நன்றாக நடந்த தொழில் படுத்துவிட அந்த இரண்டு வாரம் போதும்.

நிறுவனம் ஏன் இப்படிப் பயப்படுகிறது? கார்டில் வந்த பணம் திரும்பிப் போகக்கூடிய பணம். பொருள் வரவில்லை, உடைந்து வந்தது, நான் வாங்கவே இல்லை என்று வாடிக்கையாளர் தன் வங்கியிடம் சொன்னால், கார்டு அமைப்பின் விதிப்படி அந்த வங்கி பணத்தைத் திரும்ப இழுக்கலாம். இதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. இது தவிர, 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் வாக்குத் தவறும்போது கார்டு கொடுத்த நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. 2017 அக்டோபரில் மொனார்க் விமான நிறுவனம் மூழ்கியபோது, கிரெடிட் கார்டில் டிக்கெட் எடுத்த பயணிகள் பலருக்கு இந்தப் பிரிவுதான் கை கொடுத்தது. வாங்குபவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் விற்றவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் அந்த நஷ்டம் கடைசியில் வசூல் நிறுவனத்தின் தலையில் வந்து விழும். ஆகவே அது உங்கள் மகளுக்குச் செய்வது வெறும் வசூல் சேவை அல்ல. ஒரு வகையில் கடன் கொடுத்திருக்கிறது. கடன் கொடுத்தவன் கேள்வி கேட்பதில் வியப்பில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 1.5 சதவீதமும் ஒவ்வொரு விற்பனைக்கும் 20 பென்ஸும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பவுண்டுப் பையில் 80 பென்ஸ் கழிந்து 39 பவுண்டு 20 பென்ஸ் வரும். துணி, தையல், தபால் எல்லாம் சேர்ந்து செலவு 30 பவுண்டு என்றால் லாபம் 9 பவுண்டு 20 பென்ஸ். ஒரு பைக்கு சார்ஜ்பேக் வந்து வழக்குத் தோற்றால், செலவான 30 பவுண்டு போயிற்று, முன்பு கழிந்த 80 பென்ஸும் போயிற்று, தகராறுக் கட்டணம் 20 பவுண்டு என்று வைத்தால் அதுவும் போயிற்று. ஆக 50 பவுண்டு 80 பென்ஸ் நஷ்டம். அதை ஈடுகட்ட ஆறு பை விற்க வேண்டும். சின்ன விலைப் பொருளில் சிக்கல் வேறு மாதிரி. 3 பவுண்டு வாழ்த்து அட்டைக்கு அதே கட்டணம் 24.5 பென்ஸ், விலையில் எட்டு சதவீதத்துக்கும் மேல்! அட்டைகளை ஐந்து ஐந்தாகக் கட்டி விற்பதுதான் புத்திசாலித்தனம். இந்தச் செலவை 'கார்டில் கொடுத்தால் இரண்டு சதவீதம் கூடுதல்' என்று நம்மூர்க் கடைகள் சில செய்வதுபோல் வாடிக்கையாளர் மேல் ஏற்றவும் முடியாது. பிரிட்டனில் நுகர்வோர் கார்டுகளுக்கு அப்படிக் கூடுதல் வாங்குவது 2018 ஜனவரி 13 முதல் சட்டப்படி தடை.

ஓ.டி.பி. எதற்கு?

கார்டுக்காரர்தான் வாங்குகிறாரா என்று கேட்கும் இரண்டாவது சோதனை நமக்குப் பழகிப்போனது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2009லேயே இணையக் கார்டுப் பரிமாற்றத்துக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரிட்டனில் இணைய வணிகத்துக்கு இது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2022 மார்ச் 14 அன்றுதான். வாடிக்கையாளர் கைபேசியில் அனுமதி கொடுக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. இதைத் தொல்லை என்று நினைக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், பாதியில் விட்டுப் போகிறவர்கள் அதிகம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் சிறு கடைக்கு இது ஒரு கவசம். இந்தச் சோதனையில் தேறிய விற்பனையில், பின்னால் 'நான் வாங்கவே இல்லை' என்று தகராறு வந்தால் பொதுவாகப் பொறுப்பு கார்டு கொடுத்த வங்கிக்குப் போய்விடுகிறது. ஆனால் 'பொருள் வரவில்லை' என்ற புகாருக்கு இது காப்பாகாது. அதற்குத் தபால் ரசீதுதான் காப்பு.

கார்டு எண்ணை எந்த நிலையிலும் தன் கைக்கு வரவிடக் கூடாது. வசூல் நிறுவனமே தரும் பக்கத்தில் வாடிக்கையாளர் எண்ணை அடிக்கட்டும். வாட்ஸப்பில் அனுப்புங்கள், நான் போட்டுக்கொள்கிறேன் என்று நட்புக்காகச் சொல்வதும், நோட்டில் எழுதி வைப்பதும் ஆபத்து. கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணைச் சேமித்து வைக்கவே விதியில் இடமில்லை.

முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

கேள்வி பின்னால் வரும் என்று தெரிந்தால் பதிலை முன்னால் தயாரித்துவிடலாம். முதலாவது பெயர். வங்கிக் கணக்கில் உள்ள பெயரும், வசூல் நிறுவனத்தில் பதிந்த பெயரும், தனியாள் தொழில் என்றால் வரித்துறையில் பதிந்த பெயரும், கம்பெனி என்றால் கம்பெனிப் பதிவகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில்தான் சிக்கல். தகப்பனார் பெயர் முன்னாலா பின்னாலா, இனிஷியலா விரிவா என்று ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுவது உத்தமம்.

வாடிக்கையாளரின் மாதக் கணக்குத் தாளில் என்ன பெயர் அச்சாகும் என்பதையும் கடைக்காரரே சுமார் 20 எழுத்துக்குள் தீர்மானிக்கலாம். கடையின் பெயர் ஒன்று, பதிவு செய்த கம்பெனியின் பெயர் வேறொன்று என்றால், வாங்கியவரே மறந்துபோய், யாரோ திருடிவிட்டார்கள் என்று வங்கிக்குப் போன் செய்வார். கடையின் பெயரையே போட்டால் பாதித் தகராறு எழாது.

கடையின் பக்கத்தில் பெயர், முகவரி, மின்னஞ்சல் இருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மின்வணிக விதி. 2013ஆம் ஆண்டு விதிப்படி, இணையத்தில் வாங்கியவர் பொருள் கையில் கிடைத்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று சொல்லலாம். பெயர் பொறித்துத் தைத்த பை போன்ற தனி ஆர்டருக்கு இது பொருந்தாது. இந்த உரிமையை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் விட்டால் 14 நாள் என்பது மேலும் 12 மாதம் வரை நீளும். ஒரு பக்கம் எழுதி வைக்கச் சோம்பல்பட்டு ஒரு வருடத் தலைவலியை வாங்குவானேன்? பெரிய விற்பனை நாள் வருமென்று தெரிந்தால், வசூல் நிறுவனத்துக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி, இவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று பில்களோடு சொல்லிவைப்பதும் நல்லது. எப்போதும் பலிக்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் சொல்லாமல் இருப்பதைவிட மேல்.

கணக்கெழுதும்போது 39.20 என்று எழுதக்கூடாது. விற்பனை 40, கட்டணம் 0.80 என்று பிரித்து எழுத வேண்டும். மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்யும் எல்லை, 2024 ஏப்ரல் முதல், 12 மாதத்தில் 90,000 பவுண்டு. அது வரிக்குரிய மொத்த விற்பனையை வைத்துப் பார்க்கப்படுவது, கைக்கு வந்ததை வைத்து அல்ல.

பாட்டு வகுப்பு நடத்துபவர் ஒரு பருவத்துக்கான கட்டணத்தை முன்னாலேயே வாங்குகிறார் என்றால் அவர் நிலைமை வேறு. நாளைக்குத் தரப்போகும் சேவைக்கு இன்றைக்கே பணம். விமான டிக்கெட்டைப் போல் இதுவும் வசூல் நிறுவனங்களுக்குக் கலக்கம் தரும் வகை. வரவில் ஒரு பகுதியை மாதக்கணக்கில் பிடித்து வைக்கும் நிபந்தனைகூடப் போடுவார்கள். இதற்கு மாதா மாதம் டைரக்ட் டெபிட் மூலம் வாங்குவது பொருத்தம். கட்டணம் பொதுவாகக் குறைவு, பணம் வர மூன்று வேலை நாளுக்குக் குறையாது. தவறாக எடுத்திருந்தால் செலுத்தியவரின் வங்கி உடனே முழுத் தொகையைத் திருப்பித் தரும் என்ற உத்தரவாதம் அதிலும் உண்டு. தெரிந்த மாணவர்கள் என்றால் வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாக அனுப்பச் சொல்லலாம். 2008இல் வந்த ஃபாஸ்டர் பேமெண்ட்ஸ் முறையில் பொதுவாகச் சில விநாடிகளில் வந்துவிடும், கார்டைப் போல சார்ஜ்பேக்கும் கிடையாது.

வந்த பணத்தை வசூல் நிறுவனத்தின் கணக்கிலேயே குவித்து வைப்பதும் சரியல்ல. வங்கி வைப்புக்கு உள்ள காப்புறுதி அந்த இருப்புக்கு இல்லை. தனியே பிரித்து வைக்க வேண்டும் என்ற விதிதான் உண்டு. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் திவாலானபோது, அதன் பிரிட்டன் கிளை நிறுவனத்தை அங்குள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையம் சில நாள் நிறுத்தி வைத்தது. அதன் மூலம் கணக்கு வைத்திருந்தவர்கள் அந்த நாள்களில் தங்கள் பணத்தையே தொட முடியவில்லை. பணம் தினமும் வங்கிக்கு மாறும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கடைசியாக நம் வீட்டு விஷயம் ஒன்று. மகள் கடை திறந்ததும் முதல் பையை இங்கிருந்தே வாங்கிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. கார்டைப் போட்டால் மறுக்கிறது. கடையில் கோளாறு என்று அங்கே குழம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 மார்ச் முதல் கொடுக்கப்படும் கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடைகளிலும் மட்டும் வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தையும் இணைய உபயோகத்தையும் நாமே வங்கியின் செயலியிலோ கிளையிலோ திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும், வெளிநாட்டுக் கார்டு என்பதால் மகளுக்குக் கட்டணம் கூடுதலாகத்தான் பிடிப்பார்கள்.