கடைக் கழிவும் காற்றின் கணக்கும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பெற்ற குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் என்பது ஒன்று. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல் என்பது அதன் பொருள். உழுவோர் உழுதே ஆக வேண்டும். சமைப்போர் அடுப்பு மூட்டியே ஆக வேண்டும். இல்லறத்தில் இவை தவிர்க்க இயலாதன. ஆனால் எவருக்கும் பயன்படாமல் மண்ணைத் தோண்டுவதும், நீரைக் கொட்டுவதும், தீயை எரியவிடுவதும், மரஞ்செடிகளை வெட்டுவதும் பிரமாத சரியை எனப்படும். சமந்தபத்திராசாரியாரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை எடுத்துரைக்கின்றன. இப்பகுதியைக் கற்பிக்கும்போது, மூடாத குழாயையும் அணைக்காத விளக்கையும் எடுத்துக்காட்டாகக் கூறிக் கடந்துவிடுவது நம் வழக்கம். கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் இதனைப் பொருத்திப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு வந்த ஒரு படிவம் நம்மைப் பார்க்க வைத்தது.

தியாகராய நகரில் ஜவுளி வணிகம் செய்யும் அன்பர் ஒருவர், பெரிய நிறுவனம் ஒன்றுக்குச் சீருடைகள் தைத்து வழங்கி வருகிறார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காலத்தில், 'உங்கள் தொழிலால் ஓராண்டில் எத்தனை டன் கரியமில வாயு வெளியாகிறது?' என்று கேட்டு அந்நிறுவனம் நான்கு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பியிருந்தது. இதற்குப் பின்னணி உண்டு. பங்குச் சந்தையில் மதிப்பால் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் எனச் செபி அமைப்பு 2021-இல் ஆணையிட்டது. ஆகவே பெரியோர் தமக்குப் பொருள் தரும் சிறியோரிடமும் கணக்குக் கேட்கத் தொடங்கினர்.

அன்பருக்குப் படிவம் விளங்கவில்லை. நண்பர் ஒருவர், 'ஏதோ ஓர் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?' என்று யோசனை கூறினாராம். தையலர் குடும்பங்கள் பன்னிரண்டு அந்த ஒப்பந்தத்தை நம்பியிருக்கின்றன. ஆயினும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. பொய்யான ஆவணம் எழுதுதல் 'கூடலேகக் கிரியை' எனப்படும்; சத்திய அணுவிரதத்துக்கு உரைக்கப்பட்ட அதிசாரங்களுள் ஒன்று. 'உண்மையான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று கேட்டுக்கொண்டு, மயிலாப்பூரில் ஞாயிறுதோறும் கூடும் நம் படிப்பு வட்டத்துக்கு அவர் வந்தார். அவரோடு நாம் கற்றதையே இங்கு எழுதுகிறோம்.

படிவங்களில் 'ஸ்கோப்' என்று மூன்று எல்லைகள் வரும். கடைக்குள் நாமே எரிப்பது முதல் எல்லை. ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலும் அடுப்புக்கு வாங்கும் எரிவாயுவும் இதில் அடங்கும். விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் எல்லை. நமக்குப் பொருள் வந்து சேரும் வரையிலும், நம்மிடமிருந்து வெளியேறிய பின்னரும் பிறர் கைகளில் நிகழ்வனவெல்லாம் மூன்றாம் எல்லை. நூற்பாலை, சாயப்பட்டறை, லாரி, அட்டைப்பெட்டி, குப்பைமேடு ஆகிய யாவும் அதனுள் வரும்.

முதல் இரண்டுக்கும் ரசீதுகளே போதும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். எரிபொருளைவிட அதன் புகை எடை மிகுந்திருப்பது எங்ஙனம் என்று வட்டத்தில் ஒரு மாணவி வினவினாள். நல்ல வினா. டீசலிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து எடை கூடுகிறது. சமையல் எரிவாயு ஒரு கிலோவுக்கு 3 கிலோ. ஆகவே கடைகளுக்கு வரும் 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 57 கிலோ. நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ எனக் கொள்ளலாம். மாதம் 4,000 யூனிட் செலவிடும் கடையின் பங்கு 2,800 கிலோ ஆகிறது. அரை நாளில் முடியும் கணக்கு இது.

மூன்றாம் எல்லையில்தான் சிக்கல் உண்டு. திருப்பூரிலிருந்து அன்பருக்குத் துணி வரும் லாரியை எடுத்துக்கொண்டோம். தொலைவு ஏறத்தாழ 450 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் 112 லிட்டர் டீசல். 300 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கரியமில வாயு. வண்டி நிறைய வந்தாலும் பாதி வந்தாலும் இந்த எண் பெரிதும் மாறுவதில்லை. அவசரத்துக்கு அரைப்பாரமாக இருமுறை வரவழைத்ததை ஒரே முறையாக்கினால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 300 கிலோ மிச்சமாகிறது. அந்த அரைப்பார ஓட்டத்தால் கடைக்காரருக்கோ, தையலருக்கோ, சீருடை அணிபவருக்கோ ஒரு பயனும் விளையவில்லை. அநர்த்தம் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை நமக்குக் கிடைக்கவில்லை.

அவர் கடையில் ஒரு மூலையில் புதிய மஞ்சப்பைகள் கட்டுக்கட்டாக இருந்தன. தமிழ்நாட்டில் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இரண்டும் நல்லன. ஆனால் பருத்திப் பைக்கும் பருத்தி விளைய வேண்டும், நூற்க வேண்டும், நெய்ய வேண்டும். 2011-இல் பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வொன்றின்படி, மெல்லிய நெகிழிப் பை ஒன்றை ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கு ஈடாக வேண்டுமானால், பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். புவி வெப்பம் ஒன்றை மட்டும் வைத்துச் செய்த கணக்கு அது. மாடு மேய்வதையும் கால்வாய் அடைபடுவதையும் சேர்த்துப் பார்த்தால் துணிப்பையே மேல் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் கேளாதார்க்கும் கொடுத்து அனுப்பும் பை பரணில்தான் உறங்கும். நம் திருமணங்களின் தாம்பூலப் பைகள் எத்தனை வீட்டில் எத்தனை கிடக்கின்றன என்று வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். அன்பர் இப்போது 'பை கொண்டு வந்தீர்களா?' என்று கேட்ட பிறகே பை எடுக்கிறார்.

அவருடைய மைத்துனர் மயிலாப்பூரில் சமையற்கூடம் நடத்துகிறார். அடையாற்றிலுள்ள அலுவலகங்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 400 பேருக்கு எடுப்புச் சாப்பாடு அனுப்புகிறார். 'எமக்கும் இப்படிவம் வரும். இப்போதே கற்றுக்கொள்கிறோம்' என்று அவரும் வந்து சேர்ந்தார். நம் பாடத்தின் பெரும்பகுதி அவர் கூடத்தில்தான் நடந்தது.

முதலில் குப்பை எங்கே போகிறது என்று பார்த்தோம். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் குப்பை நெடுங்காலமாகப் பெருங்குடிக்கே சென்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், 200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் அது குவிந்தது. 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே பற்றிய தீ பல நாட்கள் புகைந்தது. அதே 2022-இல்தான் பள்ளிக்கரணை, உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணியை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டது.

சோறும் காய்த்தோலும் காற்றுப்படாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 27 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இருபதாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 80 மடங்கு. ஆழமான மேட்டில் ஒரு டன் உணவுக் கழிவு அழுகினால், ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயுவுக்கு நிகரான தீங்கு விளையும் என மதிப்பிடலாம். அதே கழிவு காற்றோட்டமாக மக்கி எருவானால் மீத்தேன் மிகச் சிறிதே. சோற்றை விளைவிக்கவும் வேகவைக்கவும் ஆன செலவு இக்கணக்கில் சேரவில்லை. உலக அளவில், வீணாகும் உணவே பசுங்குடில் வாயுக்களில் 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் காரணம் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

சமையற்கூடத்தில் நாம் செய்தது மிக எளியது. பின்கட்டு வாயிலில் ஒரு தராசும் மூன்று வாளிகளும் வைத்தோம். காய்த்தோலும் காம்பும் ஒன்றில். சமைத்தும் பரிமாறாமல் மீந்தது ஒன்றில். உண்டோர் தட்டில் விட்டது ஒன்றில். முதலில் சமையல் மாஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. தம் மேல் குற்றம் காண வந்திருக்கிறோம் என்று நினைத்தார். எடையை எழுதும் பொறுப்பை அவர் கையிலேயே கொடுத்த பிறகு முகம் மலர்ந்தது.

முதல் மாதத்தின் சராசரி இது: தோல் 22 கிலோ, பரிமாறாதது 17 கிலோ, தட்டில் விட்டது 14 கிலோ, நாளொன்றுக்கு ஆக மொத்தம் 53 கிலோ. நாம் எதிர்பார்த்தது வேறு. உண்போர்தாம் வீணாக்குகின்றனர் என்றே எண்ணியிருந்தோம். இரண்டாம் வாளிதான் நம்மைத் திகைக்க வைத்தது. இரவு உண்ணாமை நோற்கும் இல்லங்களில் மீந்ததை மறுநாளைக்கு வைப்பதில்லை. ஆகவே நம் பாட்டிமார் தலையெண்ணி உலை வைத்தனர். இங்கோ, முதல் நாள் மாலையில் சொன்ன எண்ணிக்கைக்குச் சமைத்தனர். வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்தில் பாதிப் பேர் வருவதில்லை. 'எண்ணிக்கை குறைந்தால் தொகையும் குறையும்' என்று மைத்துனர் இதைக் கேளாதிருந்தார். மீந்ததின் அரிசி, பருப்பு, எரிவாயு விலையைக் கூட்டிக் காட்டியபோது, கேட்பதே ஆதாயம் என்று கண்டார். இப்போது காலை 9 மணிக்குத் தொலைபேசியில் எண்ணிக்கை கேட்ட பிறகே இரண்டாம் உலை ஏறுகிறது. பரிமாறாதது 17 கிலோவிலிருந்து 6 கிலோவாயிற்று. நாளுக்கு 11 கிலோ. 300 வேலை நாட்களுக்கு 3,300 கிலோ. மேட்டுக்குப் போகாமல் நின்ற இந்த உணவால் தவிர்ந்த தீங்கு மட்டும் மூன்று டன்னுக்குக் குறையாது.

எஞ்சிய 6 கிலோவில் நல்ல நிலையில் உள்ளதை உடனே கொடுத்துவிடுகின்றனர். பெசன்ட் நகரில் 2017-இல் தொடங்கிய பொதுக் குளிர்பெட்டி போன்ற ஏற்பாடுகள் இதற்கு உதவுவன. தோலும் தட்டில் விட்டதும் சேர்ந்து நாள்தோறும் 36 கிலோ. இதனைச் சாண எரிவாயுக் கலம் போன்ற சிறு கலத்தில் இட்டால், டன்னுக்கு ஏறத்தாழ 100 கன மீட்டர் என்னும் கணக்கில், மூன்றரை கன மீட்டர் வாயு கிடைக்கும். ஒன்றரைக் கிலோ சிலிண்டர் எரிவாயுவுக்கு அது ஈடு. மைத்துனரின் கொல்லையில் இடம் போதவில்லை. பக்கத்துச் சிற்றுண்டிச் சாலையோடு சேர்ந்து வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் கழிவு தருவோரைப் பெருங்கழிவாளர் என வகுத்து, மக்கும் கழிவை இயன்றவரை தம் இடத்திலேயே பதப்படுத்தச் சொல்லின. இருவர் சேர்ந்தால் அந்த அளவை எட்டலாம். அதனால் மைத்துனருக்குச் சற்றுத் தயக்கம். அதனை நாம் மறைக்க விரும்பவில்லை.

மயிலையில் இத்தகைய முயற்சி புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1989-இல் எம். பி. நிர்மல் அவர்கள் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தின் மூன்று சக்கர வண்டிகள் தெருத்தெருவாக வந்து குப்பை வாங்கியதை மூத்தோர் பலர் நினைவுகூர்வர். வீடுகள் அன்று கற்ற பாடத்தைக் கடைகள் இன்று கற்கின்றன.

கடைக் கழிவுகளுள் எவரும் எண்ணாத ஒன்றைத் தியாகராய நகர்க் கடையில் கண்டோம். பழைய குளிரூட்டி ஒன்றைக் காயலான் கடைக்குப் போட எடுத்து வைத்திருந்தனர். செம்புக் குழாயை அறுக்கும்போது உள்ளிருக்கும் வாயு சீறி வெளியேறிவிடும். ஆர்-22 என்னும் அவ்வாயு ஒரு கிலோ, ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு நிகர். திருப்பூர் லாரி ஆறுமுறை வருவதற்குச் சமம்! வாயுவை உருளையில் வாங்கிக்கொள்ளும் மெக்கானிக்கை முதலில் அழைத்து, அதன் பின்பே இரும்புக்குப் போடுமாறு கூறினோம். ஒரு நாள் தாமதமும் சிறிது கூலியுமே செலவு.

இனிப் படிவத்துக்கு வருவோம். டீசல், மின்சாரம் ஆகிய இரண்டு கட்டங்களையும் ரசீதைக் கொண்டு நிரப்பினார். லாரிக் கட்டத்தில், கணக்கிட்ட முறையையும் 'மதிப்பீடு' என்னும் சொல்லையும் சேர்த்து எழுதினார். அட்டைப்பெட்டியும் வெட்டுத் துண்டுத் துணியும் எத்தனை கிலோ விற்றன என்பதற்குக் காயலான் கடைச் சீட்டுகள் இருந்தன. துணியின் உற்பத்திக்கான கட்டம் எல்லாவற்றிலும் பெரியது. அங்கே, 'தெரியவில்லை, ஆலையிடம் கேட்டிருக்கிறோம்' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அந்த வரியை எழுதும்போது அவர் கை நடுங்கியதை நாம் கண்டோம். மூன்று வாரம் விடையில்லை. பின்னர், அந்தக் கட்டத்தை அடுத்த ஆண்டுக்குள் நிரப்ப வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. ஆலையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. சாயப்பட்டறைக் கொதிகலனுக்கு என்ன எரிக்கிறார்கள், மாதம் எவ்வளவு என்ற இரண்டே வினாக்களோடு இரண்டாம் கடிதம் சென்ற வாரம் போயிருக்கிறது. வரும் விடையை அடுத்த இதழில் வெளியிடுவோம்.